முந்திரிக்கொட்டை பாய்

எங்கள் தெருவில் நின்று 'பாய்' என்று ஒரு குரல் கொடுத்தால் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாவது ஆள் திரும்ப மாட்டார். நீங்கள் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, "ஸ்க்ரூ கழண்டுடுச்சா? உள்ள வாங்க" என்று பதிலும் சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது அந்த ஏழாவது ஆளைப் பற்றி.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், பாத்திரக் கடைகள் முடிகிற இடத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. பக்கத்துக் கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். முகூர்த்த மாசங்களில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாசங்களில் மூச்சுவிடுவது மட்டும்தான் வேலை. அந்த மாசங்களில் அவர் கடை முக்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். பதினெட்டு வருஷம் உட்கார்ந்தேன். முக்காலி என் அளவுக்கு வளைந்துகொடுத்துவிட்டது.

என்னைவிட எட்டு வயசு பெரியவர். என்னை 'பத்திரிகை' என்று கூப்பிடுவார். நான் நேரில் 'பாய்' என்பேன். அவர் இல்லாதபோது 'முந்திரிக்கொட்டை' என்பேன். பழத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிற கொட்டை மாதிரி, எந்தப் பேச்சுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"பாய், எனக்குக் கிட்டத்துல..." என்று ஒருவர் வாசலில் ஆரம்பிப்பார்.

"தெரியல. வயசு நாப்பத்தஞ்சா? ஒன்றரை பவர். உக்காருங்க."

உட்கார்ந்தவருக்கு எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போக எறும்பு. வந்தவர் கண்ணைச் சுருக்கி முதல் வரியைப் பிடிப்பதற்குள் பாய்க்குப் பொறுக்காது. "ப, ட, ய. தெரியுதுல்ல? அடுத்த வரி பாருங்க. ர, ம, ல." அவரே படிப்பார். அவரே, "நல்லாத்தான் தெரியுது" என்று சான்றிதழும் கொடுப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒருநாள் எழுந்து நின்று, "முசியே, படிச்சது நீங்க. கண்ணாடியையும் நீங்களே போட்டுக்குங்க" என்று கைகூப்பிவிட்டுப் போனார். பாய் என் பக்கம் திரும்பி, "கோவக்காரரு. நான் அவரு உள்ள வரும்போதே நெனச்சேன்" என்றார்.

என் சோகம் வேறு மாதிரி. என்னிடம் ஜோக் நிறைய உண்டு. எங்கள் ஊரில் நான் ஒரு ஜோக் சொல்லாமல் எந்தப் பந்தியும் எழுந்ததில்லை. ஆனால் இந்த மனுஷனிடம் பதினெட்டு வருஷத்தில் ஒரு ஜோக்கைக்கூட நான் முடித்ததில்லை.

"ஒருத்தன் டாக்டருகிட்ட போனான் பாய்..."

"செத்துட்டான். அப்பறம்?"

அப்புறம் என்ன இருக்கிறது? போய்விடுவேன். மறுநாள் வேறொரு டாக்டரோடு வருவேன். கொஞ்ச நாளில் நானும் தேறிவிட்டேன். அவர் எந்த முடிவைப் பிடிப்பார் என்று கணக்குப் போட்டு, அதை விட்டுவிட்டு வேறு பக்கம் ஜோக்கைத் திருப்புவேன். அவர் அங்கேயும் வந்து நிற்பார். சாயங்காலம் நாலரை மணிக்கு இரண்டு டீயை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடியது பேச்சு இல்லை, சடுகுடு.

அந்தக் குணத்தை நான் கிண்டல் மட்டுமே செய்தேன் என்று நினைக்காதீர்கள். என் அப்பா தவளக்குப்பம் வீட்டில் தவறிப்போன அன்று தம்பி போன் பண்ணினான். போனை வைத்துவிட்டு பாய் கடை வாசலில் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கையில் இருந்த ஃபிரேமை வைத்தார். ஷட்டரை இழுத்தார். "எப்ப எடுக்குறாங்க?" என்று மட்டும் கேட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். 'அப்பா போயிட்டாரு' என்கிற சொல்லை அன்றைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்காக முந்திக்கொண்டார். அப்படியும் ஒரு முந்திரிக்கொட்டை.

இந்த ஆளைத்தான் ஒரு பத்து வயசுப் பெண்பிள்ளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

முதல் தடவை ஒரு வியாழக்கிழமை. நாலரைக்கு டீ வந்தது, பாய் இல்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "அரியாங்குப்பம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்" என்றார் மறுநாள். திங்கட்கிழமை மறுபடியும் காணோம். அடுத்த வியாழனும். நான் பயப்படுவதில் சூரன். ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று பயம் தயார் செய்துவிட்டேன். ஒன்று, ஏதோ வியாதி, ரகசியமாக வைத்தியம் பார்க்கிறார். இரண்டு, அரியாங்குப்பத்தில் இன்னொரு குடும்பம். மூன்று, என்னைவிட நன்றாக ஜோக் சொல்கிற ஒருவன் அகப்பட்டிருக்கிறான். முதல் இரண்டைக்கூட மன்னிக்கலாம் என்று தோன்றியது. அந்த அளவுக்கு எனக்குப் பித்தம் ஏறியிருந்தது.

கேட்டுவிட்டேன். அவர் சொன்னது இது.

அரியாங்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில், பேச்சு வராத பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நிலையம் நடக்கிறது. கை கால் சொன்னபடி கேட்காது, நாக்கும் அப்படியே. ஆனால் தலைக்குள் எல்லாம் முழுசாக இருக்கிறது. அவர்களுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்க பாயைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனார். முதலில் தர்ஷினி என்ற பெண். அட்டையை மாட்டினார். அவள் பேசமாட்டாள் என்பதால் வழக்கத்தைவிட வசதியாகப் போயிற்று. "ப, ட, ய, தெரியுதுல்ல கண்ணு" என்று தானே படித்து, "மைனஸ் ரெண்டு" என்று எழுதிவிட்டார்.

அங்கிருந்த டீச்சரம்மா கேட்டாராம்: "சார், இப்ப யாரு கண்ண டெஸ்ட் பண்ணீங்க?"

பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து தர்ஷினியின் மடியில் வைத்திருக்கிறார். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக எழுதிய பலகை. பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகத் தொடும். பக்கத்தில் இருப்பவர் தொட்ட எழுத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பிள்ளை கண்ணை மூடித் திறக்கும், அதுதான் முற்றுப்புள்ளி. சட்டம் ஒன்றே ஒன்று. அது என்ன சொல்ல வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்தாலும் நீங்கள் முடிக்கக் கூடாது. "பாதியில நாம முடிச்சா அது நம்ம பேச்சு சார், அவ பேச்சு இல்ல" என்றாராம் டீச்சரம்மா.

அந்தப் பலகையை வைத்துக்கொண்டு அட்டையைப் படிக்க தர்ஷினிக்கு ஒரு மணி நேரம் ஆனது. பவர் வந்தது, மைனஸ் நாலரை.

"ரெண்டுக்கும் நாலரைக்கும் எவ்ளோ தூரம் தெரியுமாய்யா?" என்று பாய் என்னைக் கேட்டார். "அவங்க அம்மா மொகம் எதிர்ல நிக்கும்போது அதுக்கு மாவு பெசஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கும். நான் ரெண்டு போதும்னு எழுதிட்டு வந்திருப்பேன்." தெருவில் போகிறவர்களைக் காட்டிச் சொன்னார்: "இந்த ஊர்ல எத்தன பேரு என் அவசரத்த மூக்கு மேல மாட்டிக்கினு திரியுறாங்களோ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பழைய வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடியும் பரிசோதித்தார். பிரெஞ்சுப் பென்ஷன்காரர் வீட்டுக்கு அட்டையோடு அவரே போனார். என்னையும் உட்காரவைத்தார். முதல் வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மௌனத்தில் வியர்த்துவிட்டது. பரீட்சையில்கூட வாத்தியார் இப்படி நின்றதில்லை. என் கண்ணாடியும் தப்பு என்று தெரிந்தது. புதுசு போட்டதும் எதிர்ச் சுவரில் இருந்த பல்லிக்கு விரல்கள் இருப்பது தெரிந்தது. பாய்க்கு முகத்தில் இவ்வளவு சுருக்கம் இருப்பதும் தெரிந்தது.

நல்லதுதானே என்பீர்கள். என் நிலைமையை யோசியுங்கள். அடுத்த நாள் டீயோடு ஒரு ஜோக்கை எடுத்துவிட்டேன். மூன்று இடத்தில் பொய் முடிவு வைத்து, நாலாவதில் உண்மை முடிவு. பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் இடத்தில் குறுக்கே வரவில்லை. இரண்டாவதில் வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், காத்திருந்தார். ஜோக் முடிந்தது. அது அவ்வளவு நல்ல ஜோக் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார், மரியாதையாக.

இதைவிட ஒரு மனுஷனை அவமானப்படுத்த முடியுமா?

அதற்கு மேல் அந்தப் பெண்ணின் பெருமை வேறு. "நேத்து தர்ஷினி ஒண்ணு சொன்னா பாரு" என்று ஆரம்பிப்பார்.

"எவ்ளோ நேரத்துல சொன்னா?"

"அரை மணி நேரம் ஆச்சு."

"அப்படி என்னாத்த சொல்லிட்டா?"

"அவங்க அம்மா டப்பாவத் தொறந்து சோறு ஊட்ட வந்தாங்க. 'இது முந்தாநேத்து மீனு'ன்னுட்டா!" சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முந்தாநேத்து மீன்! இதற்கு அரை மணி நேரம் காது கொடுத்திருக்கிறார். நான் எத்தனை மீன் ஜோக் சொல்லியிருப்பேன்! ஒன்றாவது கரைக்கு வந்திருக்குமா?

வீட்டில் பெண்டாட்டியிடம் புலம்பினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அம்பது வயசுல பேச்சு வராத புள்ளையோட போட்டிக்கு நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள். இருந்தது. வெட்கமும் இருந்தது, போட்டியும் இருந்தது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, "நானும் வரேன் பாய், எனக்கும் சேவை செய்யணும்னு தோணுது" என்று அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. எப்படிப்பட்ட எதிரி அவள் என்று பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர என் மனசில் ஒரு சேவையும் இல்லை.

எதிரி இரட்டைச் சடையோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாயைப் பார்த்ததும் உடம்பு முழுக்கச் சிரித்தாள். தோள், கழுத்து, முட்டி எல்லாம் சிரித்தன. எனக்கு வயிறு எரிந்தது. என் சொந்த அக்கா பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

பாய் பலகையை மடியில் வைத்தார். அவள் இடதுகை விரல் கிளம்பியது. கொடிக்கம்பியில் உட்கார இடம் பார்க்கிற தட்டான் மாதிரி அது எழுத்துகளுக்கு மேலே அலைந்தது, விலகியது, திரும்ப வந்தது, உட்கார்ந்தது. "தா" என்றார் பாய். மறுபடி அலைச்சல். "த்" என்றார். 'தாத்தா' என்பது எனக்கே தெரிந்துவிட்டது. பாய்க்குத் தெரியாமல் இருக்குமா? அப்போதுதான் அவரைக் கவனித்தேன். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்திருந்தார். ஒரு கை கைலியைக் கொத்தாகப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. முட்டி தையல் மிஷின் மாதிரி ஆடியது. நெற்றியில் வியர்வை. அவர் மாறிவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். மாறவில்லை. அந்தப் பழைய முந்திரிக்கொட்டை உள்ளேயேதான் இருந்தது. அதை ஒவ்வோர் எழுத்துக்கும் பிடித்துக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் எனக்காக அந்தக் கைலி ஒரு தடவைகூடக் கசங்கியதில்லை.

"யோவ் பத்திரிகை, உங்கிட்ட பேசணுமாம்" என்று பாய் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். டீச்சரம்மா சட்டத்தை எனக்கும் சொன்னார். "இதுல என்னா இருக்குது மேடம்" என்றேன்.

அவள் விரல் கிளம்பியது. நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "அ... ங்... கி... ள்." நல்லது. பிறகு, "எ... து... க்... கு." 'அங்கிள் எதுக்கு.' விரல் மறுபடி மேலே எழும்பி அலைந்தது.

அங்கிள் எதுக்கு வந்தாரு? அதானே கேட்கப்போகிறாள்! கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. விரல் உட்காரும்வரை தாங்கவில்லை.

"எதுக்கு வந்தேன்னா கேக்குற? நான் ஒண்ணும் வேவு பாக்க வரலம்மா! உங்க தாத்தாவ நீங்களே வச்சிக்கோங்க, எனக்கு என்னா பொறாமையா? நாலரை மணிக்கு ஒரு டீ, அதையும் நான் தனியாவே குடிச்சிக்கிறேன்!"

அங்கிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சரம்மா பார்த்தார். அடுத்த நாற்காலிப் பிள்ளை பார்த்தது. பாய் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்ஷினி விரலை எடுத்துக்கொண்டு போய் முதல் எழுத்தில் வைத்தாள்.

"அ" என்றேன்.

திரும்பவும் முழுசாக ஆரம்பித்தாள். ஒரு சொல்லில்கூடச் சலுகை கொடுக்கவில்லை. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போனேன். 'எதுக்கு'வரை வந்தோம். அதற்கு மேலும் போனோம். அவள் கண்ணை மூடித் திறந்தபோது முழு வாக்கியமும் கையில் இருந்தது.

'அங்கிள் எதுக்கு சிரிக்கல.'

நான் எந்நேரமும் சிரிக்கிற ஆள் என்று பாய் முன்னமே அவளிடம் சொல்லியிருந்தாராம். வந்ததிலிருந்து நான் உம்மென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் பாய் ஸ்கூட்டரை மெதுவாக்கினார். "யோவ், நான் இத்தன வருஷம் ஒலகத்துக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒருநாளும் என் குட்ட நானே ஒடச்சிக்கல. நீ என்னவிட மோசம்யா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு. முதுகு குலுங்கியது. நாலரை டீயை அன்றைக்கு ஆறரைக்குக் குடித்தோம்.

அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டது உறுத்தியது. அதனால் அடுத்த வியாழனும் போனேன். அதற்கடுத்ததும். இதில் எந்தப் புண்ணியமும் இல்லை. பாதி நாள் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளத்தான் போனேன். அவள் பாய் பக்கம் திரும்பினால் எனக்கு எரியும். பாய் என் ஜோக்கை அவளிடம் சொல்லி நல்ல பெயர் வாங்கினால் அதைவிட எரியும்.

போன வருஷம் பாய் காரைக்கால் போய்விட்டார். அங்கே கட்டிக்கொடுத்த மகள் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள், மருமகன் துபாயில். "அவ கேக்கறதுக்கு முன்னாடியே நான் வரேன்னு சொல்லிருப்பேன்யா, முன்னெல்லாம்" என்றார். "இப்ப அவளா கேக்கட்டும்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஆச்சு கேக்க." கடை இப்போது செல்போன் கவர் விற்கிறது. முக்காலியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாரம் ஒருமுறை போன் பண்ணுவார். சென்ற வாரம் குரலே துள்ளியது. "இங்கயும் ஒரு எடம் கண்டுபுடிச்சிட்டேன்யா. பலகை கெடையாது, நான்தான் செஞ்சி குடுத்தேன். ஒரு பொண்ணு இருக்கா பாரு, நேத்து என்னா சொன்னா தெரியுமா..." நான் 'உம்' கொட்டினேன். போனை வைத்த பிறகு டீ இறங்கவில்லை.

அந்த வியாழன் அரியாங்குப்பம் போனேன். இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். தர்ஷினிக்கும் போன் வந்திருந்ததாம். டீச்சரம்மா ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியிருக்கிறார். பலகையை அவள் மடியில் வைத்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. விரல் கிளம்பியது.

'கா' என்றேன். 'ரை' என்றேன்.

அவ்வளவுதான், எனக்கு முழுசும் தெரிந்துவிட்டது. இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். போன் வந்ததிலிருந்து என் வயிற்றில் இருந்த கேள்வி அது. சொல்லிவிட்டால் இருபது நிமிஷம் மிச்சம். இரண்டு பேருக்கும் ஆறுதல். என் முட்டி ஆட ஆரம்பித்தது. கைக்குட்டையை எடுத்து முறுக்கிக்கொண்டேன். அவள் தொட்டாள், நான் சொன்னேன். தொட்டாள், சொன்னேன். கண்ணை மூடித் திறந்தாள்.

'காரைக்கால் பொண்ணு என்னவிட நல்லா பேசுவாளா.'

"தெரியல கண்ணு" என்றேன். "நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன். அவ ஜோக்கு என் ஜோக்க விட நல்லா இருக்குமான்னு."

அவள் தோளும் கழுத்தும் மெல்ல ஆடின. சிரிக்கிறாள்.

"தாத்தாவுக்கு மெசேஜ் போடுவமா?" என்றேன். போட வேண்டும் என்றாள். அவள் எழுத்தெழுத்தாகத் தொட, நான் போனில் ஏற்றினேன். சாயங்காலம் முழுக்க ஆனது. என் பங்குக்கு நாலு வசவு சேர்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. முடித்தபோது, நான் சேர்க்க நினைத்தது எல்லாம் அதிலேயே இருந்தது.

'பாய் தாத்தா. அங்க ரொம்ப நல்லா இருக்காதீங்க. கொஞ்சமா நல்லா இருங்க.'